காஸ்ட் கோடு: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கட்டுமான நிறுவனங்களில் செலவுக் கணக்கு பார்ப்பதுதான் என் வேலை. ஒரு செலவு எந்த வேலைக்கு ஆனது என்று குறிக்க அதன் மேல் போடும் எண் அல்லது பெயர்தான் காஸ்ட் கோடு (cost code). அது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: வீடு கட்டித் தரும் சின்ன கான்ட்ராக்டர் நான். புது மென்பொருளில் நூற்றுக்கணக்கில் கோடுகள் இருக்கின்றன. எல்லாம் வேண்டுமா சார்?

வேண்டாம். வீட்டு வேலைக்கு முப்பது, நாற்பது போதும். அடுத்த கொட்டேஷன் போடும்போது எந்த ரேட்டைத் தேடுவீர்களோ அதற்கு மட்டும் ஒரு கோடு. சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்ற அடிக்கும் அச்சு) சதுர மீட்டர், கம்பி கிலோ, கான்கிரீட் கன மீட்டர். அளவே வேறு என்பதால் மூன்றும் தனித்தனி. கட்டுக்கம்பிக்கெல்லாம் தனிக் கோடு போட்டால் எழுதுகிறவர் ஓடிவிடுவார். அது கம்பியோடு போகட்டும்.

கேள்வி: சிமெண்டுக்கு ஒரு கோடு, கூலிக்கு ஒரு கோடு வைத்திருக்கிறேன். தப்பா?

தப்புதான். நானும் செய்த தப்பு. முதலில் வேலை பார்த்த இடத்தில் ‘சிமெண்ட்’ என்று ஒரே கோடு. மூட்டை அதிகம் போயிருக்கிறது என்று தெரிந்தது. கட்டுவேலையிலா, பூச்சிலா என்று முதலாளி கேட்டபோது முழித்தேன்.

கோடு என்பது என்ன வேலை என்று சொல்ல வேண்டும். பொருள், கூலி, சப் கான்ட்ராக்ட், இயந்திர வாடகை என்பதெல்லாம் செலவின் வகை. புரோக்கோர் போன்ற மென்பொருள்களில் இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒரு பட்ஜெட் வரி. சரி, ஒரு லோடு சிமெண்ட் நாலு வேலைக்குப் போகுமே? வாங்கும்போது ஸ்டோர் கணக்கில் வையுங்கள். மூட்டை வெளியே போகும் சீட்டில் கோடு எழுதட்டும்.

கேள்வி: எங்கள் பட்டியலில் எலக்ட்ரிக்கல் 16 என்றும் இருக்கிறது, 26 என்றும் இருக்கிறது. எது சரி?

இரண்டு காலத்துப் பட்டியல்கள் கலந்துவிட்டன. கட்டுமான வேலைகளை எண் போட்டுப் பிரிக்கும் அமெரிக்கப் பட்டியலான மாஸ்டர்ஃபார்மட்டில் முன்பு 16 பிரிவுகள், எலக்ட்ரிக்கல் கடைசி. 2004இல் அதை 50 பிரிவுகளாக விரித்தபோது 26க்குப் போனது. 26ஐ வைத்துக்கொண்டு 16ஐ முடக்குங்கள். அழிக்க வேண்டாம், பழைய பில்கள் அதில் தொங்கும்.

கேள்வி: கோடுகளை எக்செல்லில் இருந்து மென்பொருளில் ஏற்றினால் 033000 என்பது 33000 ஆகிவிடுகிறது.

எக்செல்லில் அந்த நெடுவரிசையை (column) முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டு கோடுகளைப் போடுங்கள். இல்லாவிட்டால் எக்செல் அதை எண் என்று நினைத்து முன்பூஜ்யத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: மத்திய பொதுப்பணித் துறை வேலை எடுக்கிறோம். அந்தத் துறையின் ரேட் பட்டியலான டிஎஸ்ஆரில் உள்ள எண்ணையே கோடாக வைக்கலாமா?

அத்தியாய எண் வரை வைக்கலாம். மண் வேலை 2, கான்கிரீட் 4, ஆர்சிசி (கம்பி போட்ட கான்கிரீட்) 5, கட்டுவேலை 6. ஐட்டம் எண் வரை போகாதீர்கள், சைட்டில் யாரும் அவ்வளவு பிரித்து எழுத மாட்டார்கள்.

கேள்வி: சூப்பர்வைசர் எல்லாவற்றையும் ‘இதர செலவு’ என்றே போடுகிறார். என்ன செய்ய?

அவரைத் திட்டும் முன் அவர் போனை வாங்கிப் பாருங்கள். நாற்பது கோடும் ஆங்கிலத்தில் வரிசையாக நிற்கும். இந்த வாரம் நடக்கிற வேலைகளின் எட்டு, பத்து கோடுகள் மட்டும் தெரியட்டும். ‘ஃபார்ம்வொர்க்’ என்றால் யோசிப்பார். அதையே ‘சென்ட்ரிங்’ என்றால் உடனே தட்டுவார். இதர செலவை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் பொய்க் கோடு போடுவார். ஒரு வரி விளக்கம் எழுதினால்தான் பதிவாகும் என்று வைத்துவிடுங்கள்.

கேள்வி: பூச்சு முடிந்த சுவரை பைப்புக்காக உடைத்து மறுபடி பூசினோம். எந்தக் கோடு?

மறுவேலைக்கு என்று தனியாக ஒன்று. பூச்சுக் கோடிலேயே போட்டால் அடுத்த வீட்டுக்கும் அந்த ரேட்டையே கொட்டேஷனில் எழுதுவீர்கள்.