வாசகர் கேள்வி–பதில்: பழைய காரைப் பராமரிப்பதா, புதிய காரை லீசுக்கு எடுப்பதா?

கேள்வி: எங்களிடம் 2014-இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட் கார் இருக்கிறது. 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிளட்ச், முன்பக்க சஸ்பென்ஷன், ஏ.சி. கண்டன்சர் என்று இந்த ஓராண்டில் மட்டும் 48,000 ரூபாய் செலவாகிவிட்டது. இனியும் இதற்குச் செலவழிப்பது வீண் என்கிறார் கணவர். இதே அளவுள்ள புதிய காரை மூன்று ஆண்டு லீசுக்கு எடுக்க, காப்பீடு, சர்வீஸ், வரி எல்லாம் சேர்த்து மாதம் 19,500 ரூபாய் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. முன்பணம் 40,000 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். எது லாபம்?
— ஆசிரியை ஒருவர், மதுரை

பதில்: உங்கள் வீட்டில் இப்போது 48,000 ரூபாய் ரசீதையும் 19,500 ரூபாய் மாதத் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்த ஒப்பீடே சரியில்லை. 48,000 ரூபாய் ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம். காரை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அது திரும்பி வராது. அதைவிட முக்கியமானது, அந்தப் பணத்துக்கு வாங்கிய பொருள்கள் இன்னும் காரில்தான் இருக்கின்றன என்பது. ஒழுங்காக ஓட்டுபவரின் கையில் புதிய கிளட்ச் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். சஸ்பென்ஷன் வேலையும் அடுத்த ஆண்டே திரும்ப வருவதில்லை. பெரிய வேலைகளை எல்லாம் முடித்த கையோடு காரை விற்றால், செலவு உங்களுடையது, பலன் வாங்குபவருடையது.

எனவே அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு என்ன செலவாகும் என்று பார்ப்போம். வழக்கமான சர்வீசுக்கு 10,000 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயர்களும் பேட்டரியும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் என்பதால், ஆண்டுக் கணக்கில் 6,000 ரூபாய் ஆகும். உங்கள் கார் 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைக் கட்டணம் 3,416 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டையும் வரியையும் சேர்த்தால் சுமார் 10,000 ரூபாய் வரும். பழுதுச் செலவு எல்லா ஆண்டும் இந்த ஆண்டைப் போல இருக்காது என்றாலும், தாராளமாகவே ஆண்டுக்கு 30,000 ரூபாய் ஒதுக்குவோம்.

இதுவரை வந்தது 56,000 ரூபாய். பழைய காரை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். அதுவும் முழு உண்மை ஆகாது. இன்று காரை விற்றால் 2,20,000 ரூபாய் கிடைக்கும், மூன்று ஆண்டுகள் கழித்து 1,30,000 ரூபாய்தான் கிடைக்கும் என்று வைத்தால், மதிப்பு குறைவதாலேயே ஆண்டுக்கு 30,000 ரூபாய் போகிறது. அந்த 2,20,000 ரூபாயை வங்கியில் போட்டிருந்தால் வரக்கூடிய வட்டி சுமார் 14,000 ரூபாய். பழைய கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் புதிய கார் 19 கிலோமீட்டரும் தரும் என்றால், 10,000 கிலோமீட்டருக்கு 140 லிட்டர் பெட்ரோல் கூடுதலாகும். அதற்கு இன்னொரு 14,000 ரூபாய். ஆக, எரிபொருள் வித்தியாசத்தையும் சேர்த்து உங்கள் பழைய காரின் உண்மையான ஆண்டுச் செலவு 1,14,000 ரூபாய். நீங்கள் நினைத்திருந்ததைவிட இது அதிகமாகவே இருக்கும்.

லீஸ் பக்கத்தில் கணக்கு எளிது. மாதம் 19,500 வீதம் ஆண்டுக்கு 2,34,000 ரூபாய். முன்பணத்தின் மீது இழக்கும் வட்டியையும் சேர்த்தால் 2,36,000-க்குச் சற்று மேல். வித்தியாசம் ஆண்டுக்கு 1,22,000 ரூபாய்க்கு மேல். மூன்று ஆண்டுகளில் 3,65,000 ரூபாயைத் தாண்டுகிறது. இடையில் உங்கள் காரின் எஞ்சினையே முழுவதும் பிரித்து வேலை பார்க்க நேர்ந்தாலும் இந்தத் தொகையில் பெரும்பகுதி மிஞ்சும்.

லீஸ் இவ்வளவு ஆவதற்குக் காரணம் நிறுவனத்தின் பேராசை மட்டுமன்று. ஒரு காரின் மதிப்பு மிக வேகமாக இறங்குவது முதல் சில ஆண்டுகளில்தான். காப்பீட்டு அட்டவணையே இரண்டு முதல் மூன்று ஆண்டு வயதுள்ள காருக்கு 30 சதவீதத்தையும் நான்கு முதல் ஐந்து ஆண்டு வயதுள்ளதற்கு 50 சதவீதத்தையும் கழித்துத்தான் மதிப்பிடுகிறது. மூன்று ஆண்டு லீஸ் எடுப்பவர் சரியாக அந்தச் செங்குத்தான சரிவுக்கே பணம் கட்டுகிறார். அதன்மேல் நிறுவனம் வாங்கிய கடனுக்கான வட்டி, வாழ்நாள் சாலை வரி, காப்பீடு, சர்வீஸ், லாபம் எல்லாம் ஏறுகின்றன. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள புதிய காருக்குச் சாலை வரி மட்டுமே 13 சதவீதம். உங்கள் காருக்குச் சாலை வரியையும் அந்தச் சரிவின் பெரும்பகுதியையும் நீங்கள் எப்போதோ கட்டி முடித்துவிட்டீர்கள்.

இருந்தாலும், பணத்தைத் தாண்டிய ஒரு கேள்வியை உங்களிடம் கேட்டாக வேண்டும். உங்கள் காரில் காற்றுப்பைகள் இருக்கின்றனவா? அந்த ஆண்டுகளில் விற்ற ஸ்விஃப்டின் விலை குறைந்த வகைகளில் பெரும்பாலும் அவை கிடையாது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், காற்றுப்பை இல்லாத ஸ்விஃப்ட் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம் என்ற விதி, விற்பனையில் இருந்த எல்லாக் கார்களுக்கும் 2022 தொடக்கத்தில்தான் வந்தது. நான்குவழிச் சாலையில் குழந்தைகளுடன் அடிக்கடி செல்பவர் என்றால், காரை மாற்ற அது ஒன்றே போதுமான காரணம். மெக்கானிக்கின் ரசீதைப் பார்த்துக் காரை மாற்றுபவர்கள் பலர். இதைப் பார்த்து மாற்றுபவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அப்படி மாற்றுவதென்றாலும் உங்களுக்கு லீசைச் சொல்லமாட்டேன். சாலைக்கு வரும்போது 8 லட்சம் ரூபாய் ஆகும் சிறிய காரைக் கடனில் வாங்கி, ஐந்து ஆண்டுகள் ஓட்டி, 4 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பிழப்பு 80,000, வட்டி சராசரியாக 45,000, காப்பீடு 25,000, சர்வீஸ் 8,000 என ஆண்டுக்கு 1,58,000 ரூபாய்தான் வருகிறது. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபின் இந்தக் கணக்கு வாங்குபவருக்கு இன்னும் சாதகமாகியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் ஊர் மாறிவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு லீஸ் பொருந்தலாம். சொந்த ஊரில் நிலையாக இருக்கும் உங்களுக்கு அது தேவையில்லை.

கேள்வி: என்னுடைய டீசல் காரின் பதிவு 2011-இல் செய்யப்பட்டது; இந்த ஆண்டு 15 ஆண்டுகள் முடிகின்றன. எஞ்சின் நன்றாக இருக்கிறது. கதவுகளின் அடியிலும் தரைப்பகுதியிலும் துரு ஏறியிருக்கிறது. டிங்கரிங், பெயின்டிங் இரண்டுக்கும் 65,000 ரூபாய் கேட்கிறார்கள். செலவழித்துப் பதிவைப் புதுப்பிக்கலாமா? 15 ஆண்டுகள் ஆனால் ஓட்டவே கூடாது என்கிறார்களே?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் உரிய கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் தனியார் காரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வுக்குக் காட்டி, தகுதி இருந்தால் மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. வயது காரணமாக மட்டும் உங்கள் காரை யாரும் நிறுத்த முடியாது.

ஆனால் துரு வேறு விஷயம். கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்ட காரில் வெளியே தெரிவது சிறிது, உள்ளே இருப்பது பெரிது. துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்காலம் வரை அழகாக இருக்கும். அதன்பின் அதே இடத்தில் மீண்டும் கிளம்பும். ஆகவே பெயின்டிங்குக்கு ஒரு ரூபாய் கொடுக்கும் முன், காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். கதவின் கீழ்விளிம்பு, பின்பக்க மட்கார்டு ஆகியவற்றில் மட்டும் துரு என்றால் அந்த இடங்களில் தகட்டை வெட்டி ஒட்டவைத்து ஓட்டலாம். சஸ்பென்ஷன் பொருந்தியிருக்கும் இடங்களிலோ, இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் சட்டங்களிலோ திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் காரை ஓட்டக் கூடாது. விபத்தில் உங்களைத் தாங்க வேண்டியது அந்த இரும்புதான்.

அடிப்பகுதி திடமாக இருந்தாலும் 65,000 ரூபாய் அதிகம். உங்கள் காரின் சந்தை மதிப்பே ஒன்றரை லட்சத்தைத் தாண்டுவது அரிது. அழகுக்கான வேலையை விட்டுவிட்டு, துருவை நிறுத்துவதற்கும் ஆய்வில் தேறுவதற்கும் தேவையானதை மட்டும் செய்யுங்கள். மீதியை டீசல் இன்ஜெக்டர், டர்போ போன்றவற்றுக்காகக் கையில் வைத்திருங்கள். இந்த வயதில் டீசல் காரில் பெரிய செலவு வருவது அங்கேதான்.

கேள்வி: சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அலுவலகம் மூலமாக லீசுக்குக் கார் எடுத்தால் வரி மிச்சமாகும் என்பதால் பழைய காரை விற்றுவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையில் மிச்சமாகுமா?
— வாசகர், பெருங்குடி

பதில்: மிச்சமாகும், ஆனால் எதோடு ஒப்பிட்டு என்பதுதான் கேள்வி. இந்த ஏற்பாட்டில் நிறுவனம் காரை லீசுக்கு எடுத்து, வாடகையை உங்கள் ஊதியத் தொகுப்பிலிருந்து வரிக்கு முன்பே கழித்துக்கொள்ளும். சொந்த உபயோகத்துக்காக விதிகளில் குறிப்பிட்ட ஒரு தொகை மட்டும் உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படும். 30 சதவீத வரம்பில் இருக்கும் ஒருவர், மேல்வரியோடு 31.2 சதவீதம் கட்டுகிறார். மாதம் 25,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 3 லட்சத்தில் அதிகபட்சம் 93,600 ரூபாய் வரி குறையும். சேர்க்கப்படும் தொகைக்கான வரியைக் கழித்தபின் மிச்சம் இன்னும் சற்றுக் குறையும்.

அதாவது, கையிலிருந்து 2 லட்சத்துக்கு மேல் போகத்தான் செய்கிறது. எப்படியும் புதிய கார் வாங்கப்போகிறவருக்கு இது நல்ல வழி. கடனில் வாங்குவதைவிடப் பல நேரங்களில் மலிவாகவே முடியும். நன்றாக ஓடும் பழைய கார் இருக்கும்போது வரிச் சலுகைக்காகவே அதை விற்பவருக்கு, 90,000 ரூபாயை மிச்சம் பிடிக்க 3 லட்சம் செலவழித்த கதைதான். ஆண்டு வருமானம் கீழ்வரம்புகளில் இருந்தால் மிச்சமும் அந்த அளவுக்குச் சுருங்கும்.

எடுப்பதென்று முடிவு செய்தால், ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைக் கையெழுத்திடும் முன் படியுங்கள். லீஸ் முடியும்போது காரை நீங்களே வாங்கிக்கொள்ள எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒன்று. அந்தத் தொகை முன்கூட்டியே எழுத்தில் இல்லையென்றால் பேசி எழுதிவாங்குங்கள். இடையில் வேலையை விட்டாலோ பணிநீக்கம் நேர்ந்தாலோ என்ன ஆகும் என்பது இன்னொன்று. பல ஒப்பந்தங்களில் மீதமுள்ள தவணைகளின் பெரும்பகுதியை ஒரே தவணையாகக் கட்டிக் காரை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் முறிப்புக் கட்டணத்தோடு திருப்பித் தர வேண்டும். புதிய அலுவலகம் அதே லீசை ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணி இருந்துவிட வேண்டாம். அது அவர்களுடைய விருப்பம். ஓராண்டுக்குள் வேலை மாறும் எண்ணம் மனதில் இருந்தால், புதிய இடத்தில் சேர்ந்தபின் அங்கேயே இந்தக் கேள்வியைத் தொடங்குங்கள்.