எம்.டி. முடித்தாயிற்று, அடுத்து டி.எம்.மா, ஃபெலோஷிப்பா?

கேள்வி: குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்திருக்கிறேன். குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகளில் தேர்ச்சி பெற விருப்பம். டி.எம். (எம்.டி.க்கு அடுத்த உயர்சிறப்புப் பட்டம்) படிப்பதா, ஓராண்டு ஃபெலோஷிப் (சிறப்புப் பயிற்சி) போதுமா? சேருமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மருத்துவக் கல்லூரியில் சிறப்புத் துறை ஆசிரியராக விரும்பினால் டி.எம். போன்ற உயர்சிறப்புப் பட்டம் வேண்டும். டி.எம். மூன்றாண்டுப் படிப்பு; மருத்துவ கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதியலாம். மருத்துவமனைகள் தாமே நடத்தும் ஃபெலோஷிப்களுக்குப் பொதுவாக அந்தத் தகுதி கிடையாது. சொந்த ஊரில் கிளினிக் வைத்து, பொதுக் குழந்தை மருத்துவத்தோடு இதையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கூட்டம் நிறைந்த ஒரு மையத்தில் நல்ல ஃபெலோஷிப் போதும்.

குழந்தைகளுக்கென்றே உள்ள டி.எம். லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ., சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற சில மருத்துவ நிறுவனங்களில்தான் இருக்கிறது, சீட்டும் சொற்பம். எல்லா வயதினருக்குமான டி.எம். எண்டோகிரைனாலஜிக்கும் (ஹார்மோன் மருத்துவம்) உங்கள் எம்.டி. செல்லும். ஆனால் அங்கே ஓ.பி. முழுக்கப் பெரியவர்களின் சர்க்கரையும் தைராய்டும்தான். ஆணா பெண்ணா என்று உடனே சொல்ல முடியாத பச்சிளங்குழந்தையை மூன்றாண்டில் எத்தனை முறை பார்ப்பீர்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

சேருமுன் ஒருநாள் அந்த ஓ.பி.யில் போய் உட்காருங்கள். உயரம் எப்படி அளக்கிறார்கள் என்று கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். செருப்பு, சடை, கொண்டை எல்லாம் அவிழ்த்து, குதிகாலும் பிட்டமும் பலகையைத் தொட, காதுத் துளையும் கண்ணின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க, 0.1 செ.மீ. வரை மூன்று முறை அளக்க வேண்டும். பூப்புக்கு முந்தைய வயதில் குழந்தை ஆண்டுக்கு 5 செ.மீ. போல வளரும்; மூன்று மாதத்துக்கு 1.2 செ.மீ.தான். அந்த மூன்று மாத அளவில் தவறுதலாக 1 செ.மீ. கூடிப்போனால் ஆண்டுக்கு 9 செ.மீ. வளர்வதாகக் கணக்கு வரும்; குறைந்துபோனால் வளரவே இல்லை என்று வரும். தேவையில்லாத பரிசோதனைகள் தொடங்குவது இங்கேதான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்தாலும் வித்தியாசம் வரும்.

அடுத்து வார்டுக்குப் போங்கள். ரத்தச் சர்க்கரை 50 மி.கி./டெ.லி.க்குக் கீழே போன குழந்தைக்கு டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்றுமுன் எடுக்கவேண்டிய ரத்தத்துக்கு டியூப்கள் தயாராக இருக்கின்றனவா? இன்சுலின், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன், கீட்டோன் எல்லாம் அந்த நிமிடத்து ரத்தத்தில்தான் பேசும். சர்க்கரை ஏறிய பிறகு எடுத்ததை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிவப்பணு உடைந்த ரத்த மாதிரியில் இன்சுலின் பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதையும் லேப்காரர்கள் அறிந்திருக்க வேண்டும்.

விதையின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் மணிக்கோவையான ஆர்க்கிடோமீட்டர் மேசைமேல் இருக்கிறதா, அலமாரிக்குள்ளா என்றும் பாருங்கள். பையனின் விதை 4 மி.லி. ஆகிவிட்டது என்றால் பூப்பு தொடங்கிவிட்டது. அதைக் கைதான் சொல்லும், ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டியதில்லை.

கடைசியாக, துறைத் தலைவரைப் பார்க்குமுன் அங்கே இப்போது படிக்கிறவரிடம் தனியாகக் கேளுங்கள்: ஸ்டிமுலேஷன் டெஸ்டுகளை (மருந்தால் தூண்டி ஹார்மோன் சுரப்பை அளப்பது) நீங்களே செய்கிறீர்களா? இரவில் கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் பற்றாமல் ரத்தத்தில் அமிலம் கூடும் அவசர நிலை) வந்தால் இன்சுலின் அளவை யார் முடிவு செய்கிறார்கள்?