வாசகர் கேள்வி: வீட்டிலிருந்தே ஓர் ஆய்வு

கேள்வி: டர்பனில் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். அமெரிக்காவின் ஆர்.இ.யு. கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கு மூன்று இடங்களில் விண்ணப்பித்தும் பதில் இல்லை. ஆன்லைனில் குவாண்டம் படித்தால் ஆய்வு வாய்ப்புக்கு உதவுமா?
– மாணவி, பீனிக்ஸ்

பதில்: உங்கள் மதிப்பெண்ணைச் சந்தேகிக்காதீர்கள். அமெரிக்க அரசின் ஆர்.இ.யு. நிதியில் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களையும் நிரந்தரக் குடியிருப்பாளர்களையும்தான் சேர்ப்பார்கள். இனிமேல் 'தகுதி' வரியைப் படித்துவிட்டே சிபாரிசுக் கடிதம் கேளுங்கள். ஜெனீவாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் கோடைகாலப் பயிற்சிக்கு நம் தென்னாப்பிரிக்கர்களும் விண்ணப்பிக்கலாம்; ஆனால் மூன்றாண்டுப் படிப்பு முடிந்திருக்க வேண்டும்.

குவாண்டத்துக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் தரும் ஓப்பன்கோர்ஸ்வேரின் 8.04 எண் பாடம் போதும், இலவசம். வீடியோ டேட்டாவைத் தின்றுவிடும், கணக்குத் தாள்களை இறக்கிக்கொள்ளுங்கள். பலர் தடுக்கி விழுவது குவாண்டத்தில் அல்ல, அலைகளிலும் வகைக்கெழுச் சமன்பாடுகளிலும்தான். அங்கே தடுமாறினால் முதலில் 8.03, அலைகள் பாடம்.

பாடம் மட்டும் ஆய்வு வாய்ப்பைத் தராது. செய்து காட்ட ஏதாவது வேண்டும். ஈர்ப்பலைகளை, அதாவது கால-வெளியில் பரவும் நுண் அதிர்வுகளைப் பிடிப்பவை அமெரிக்காவின் லைகோ கருவிகள்; ஹான்ஃபோர்டில் ஒன்று, லிவிங்ஸ்டனில் ஒன்று. அவை முதன்முதலில் பிடித்த ஈர்ப்பலையின் தரவு, 14 செப்டம்பர் 2015, எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வினாடிகளில் எண்ணும் ஜி.பி.எஸ். நேரத்தில் 1126259462-ஐச் சுற்றி 32 வினாடி, நொடிக்கு 4096 மாதிரிகள்: சிறிய கோப்புதான். உலாவியிலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாபில் பைத்தான் மொழி போதும், நல்ல கணினி தேவையில்லை.

அப்படியே வரைந்தால் ஒன்றும் தெரியாது. குறைந்த அதிர்வெண் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். முதலில் 'வைட்டனிங்' செய்து இரைச்சலை எல்லா அதிர்வெண்ணிலும் சமமாக்குங்கள். பிறகு 35–350 ஹெர்ட்ஸை மட்டும் விடும் வடிகட்டி. மின்கம்பி இரைச்சலை 60 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள். நம் வீட்டு 50-ஐப் போட்டால் இரைச்சல் அப்படியே நிற்கும், கருவிகள் இருப்பது அமெரிக்காவில். வடிகட்டி தரவின் இரு முனைகளையும் கெடுக்கும், அவற்றை நறுக்கிவிடுங்கள். நடுவில் 0.2 வினாடி ஏறுமுகமாக ஓர் அலை தெரியும். ஹான்ஃபோர்டுக்கு அது லிவிங்ஸ்டனைவிட ஏறக்குறைய 7 மில்லிவினாடி தாமதமாக வந்தது. ஒரு கருவியின் அலையை அவ்வளவு நகர்த்தி, தலைகீழாகவும் திருப்பினால்தான் இரண்டும் பொருந்தும். திருப்ப மறந்துவிட்டுக் கணக்குத் தப்பென்று நினைப்பவர்கள் உண்டு.

அந்த ஒரு படத்தையும் உங்களுக்குப் புரியாத ஒரு கேள்வியையும் இணைத்து, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் செய்யும் ஆசிரியர் ஒருவருக்கு ஆறு வரியில் எழுதுங்கள். 'ஆய்வில் ஆர்வம்' என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு நிறைய வரும். படத்தோடு வருவது குறைவு. ஹானர்ஸுக்கு நாஸ்ப் என்ற தேசிய வானியற்பியல் திட்டம் அங்கேயே இருக்கிறது.

கேள்வி: ஆன்லைன் சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா?
– மாணவர், சாட்ஸ்வொர்த்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு டேட்டா வாங்குங்கள்.