ஸீன் போடுவது எப்படி?

அன்புள்ள சார்,

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஏற்காடு பஸ் ஏறுகிற 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்து காமிக்ஸ் ஸீன் (zine, நாமே வரைந்து பிரதி எடுக்கிற குட்டிப் பத்திரிகை) போட ஆசை. அதற்காக இன்ஸ்டாகிராமிலும் பின்டெரெஸ்டிலும் நானூறு படங்கள் சேமித்திருக்கிறேன். ரிசோ ஸ்டைல்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் பார்க்கப் பார்க்க என் கோடு எது என்றே தெரியவில்லை. ஒரு பக்கம்கூட வரையவில்லை. "ஸீன் போடப்போறேன்" என்று வீட்டில் சொன்னால், "அதைத்தானே தினமும் போடறே" என்கிறார்கள்.

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள நண்பருக்கு,

மேகஸினின் வால்தான் ஸீன் என்று வீட்டில் விளக்கிப் பாருங்கள். எடுபடாது.

நானூறு படம் சேர்த்தது தப்பில்லை. அதில் எதையாவது கையால் போட்டுப் பார்த்தீர்களா? டிரேசிங் பேப்பர் வைத்து ஐந்தே ஐந்து பக்கம் இழுத்துப் பாருங்கள். வரைந்தவர் எங்கே பேனாவை அழுத்தினார், எங்கே பின்னணி வரையாமல் தப்பித்தார் என்பது கைக்குப் புரியும்.

ரிசோவுக்கு வருகிறேன். ஜப்பான் அச்சு மிஷின். பார்க்க ஜெராக்ஸ் மாதிரி இருந்தாலும் உள்ளே நடப்பது ஸ்டென்சில் வேலை. ஒரு டிரம்முக்கு ஒரு மை. அடுத்த நிறத்துக்குப் பெரும்பாலும் தாளை மறுபடி உள்ளே விடவேண்டும், அப்போது தாள் இம்மி நகரும். கன்னத்துச் சிவப்பு காதோரம் போய் நிற்கும். நீங்கள் ரசிக்கிற ஸ்டைல் அந்த நகர்வுதான். அதை ஐபேடில் வேண்டுமென்றே விலக்கி வைப்பது, புது ஜீன்ஸைக் கிழித்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. செய்யலாம், எனக்குப் பிடிக்காது.

உங்கள் மிஷின் தெருமுனை ஜெராக்ஸ். அது பென்சில் சாம்பலை விழுங்கிவிடும், பெரிய கறுப்பைத் திட்டுத்திட்டாக்கும். அதற்கேற்ப வரையுங்கள்: தடித்த பேனா, நிழலுக்குப் புள்ளியும் குறுக்குக் கோடும். இன்னொரு நிறம் வேண்டுமா? மஞ்சள் தாள் வாங்குங்கள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை சமயத்தில் ஊர்ச் சுவர் போஸ்டர்களை ஒரு சுற்று பாருங்கள், அதுவும் ஆராய்ச்சிதான்.

நீங்கள் கேட்காத ஒன்று, எழுத்து. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சிக்கல் உண்டு. இங்கிலீஷுக்கு வரைந்த வசன பலூனில் தமிழை அடைக்கவேண்டும். இங்கிலீஷில் பெரும்பாலும் எல்லாவற்றையும் கேபிடல் எழுத்தில் எழுதுவதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். நமக்கு 'கி'யின் கொக்கி மேலே போகும், 'கு'வின் சுழி கீழே இறங்கும், இரண்டும் இடித்துக்கொள்ளும். 'போய்க்கொண்டிருந்தோம்' ஒரே சொல், அதை எங்கே உடைப்பது? 'போயிட்டிருந்தோம்' என்றால் கொஞ்சம் இடம் மிச்சம். அதனால் முதலில் வசனத்தை உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள், அதைச் சுற்றி பலூன், மிச்ச இடத்தில் ஆட்கள். நானூறு படத்திலும் இது கிடைத்திருக்காது.

அப்புறம் பக்கக் கணக்கு. என் முதல் ஸீன் ஐம்பது பிரதியிலும் பின்பக்கம் தலைகீழாக வந்தது. கடைக்காரரைக் குறை சொல்லமுடியாது, மாதிரி மடித்துப் பார்க்காமல் கொடுத்தது நான். உங்களுக்கு 20 வளைவு, அட்டைக்கு 4 பக்கம், மொத்தம் 24. ஏ4 தாளை மடித்தால் ஆறு தாள். ஒரே முகத்தில் அருகருகே வரும் பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 25: வெளித்தாளில் 24, 1, அதன் முதுகில் 2, 23. சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்புக்கு எட்டாது. ஊசி நூலால் மூன்று துளை போட்டுத் தைத்துவிடுங்கள்.

விரித்தால் ஒரே தாளாகக் கிடைப்பது 12, 13 மட்டும்தான். முதல் வளைவை 3ஆம் பக்கத்தில் தொடங்கினால் அங்கே வருவது பத்தாவதும் பதினொன்றாவதும். பஸ்ஸில் ஜன்னலோரம் வாந்தி எடுக்கிறவர் ஒருவர் இருப்பாரே, அவரை அங்கே உட்காரவையுங்கள்.