மக்கள் தொகை அதிகமானா போர் வந்து தானா சரி பண்ணிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

யாரோ அடிச்சு சொன்னதைக் கேட்டுட்டுதான் வந்திருப்பீங்க. இல்லைங்க, உண்மை இல்ல. ரெண்டாம் உலகப் போர்ல 6 கோடி பேர் செத்தும், 1940ல சுமார் 230 கோடியா இருந்த உலக மக்கள் தொகை 1950ல 250 கோடி ஆயிடுச்சு.

எங்க காலேஜ்ல ஒரு சாரும் இதேதான் சொன்னார், "பலவீனமானவங்க கழியறது இயற்கையோட கணக்கு"ன்னு. என் தம்பிக்கு வலிப்பு நோய், எனக்கு வயிறு எரிஞ்சுது, எழுந்து கேட்டேன், 1933ல ஜெர்மனில கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டு சுமார் 4 லட்சம் பேருக்குப் பண்ணாங்களே, அந்த லிஸ்ட்ல வலிப்பும் இருந்துச்சே, அதுவும் இயற்கையா சார்னு. அது வேற சப்ஜெக்ட், உக்காருன்னுட்டார்.

வேற சப்ஜெக்ட் இல்லைங்க. நோயாளிகளைக் கொல்லலாம்னு ஹிட்லர் கையெழுத்துப் போட்டது 1939 அக்டோபர்ல, ஆனா தேதி மட்டும் செப்டம்பர் 1, அதாவது போலந்துக்குள்ள படை நுழைஞ்ச நாள். டாக்டருங்க ஆளைப் பாக்கவே மாட்டாங்க, ஃபாரத்தைப் பாத்து சிவப்புப் பென்சில்ல கூட்டல் குறி போட்டா சாவு, நீலத்துல கழித்தல் குறின்னா உயிர். 1941 ஆகஸ்டுக்குள்ள 70 ஆயிரம் பேருக்கு மேல விஷவாயுல கொன்னாங்க. அதுல கை பழகினவங்கதான் அப்புறம் யூதர்களைக் கொல்றதுக்குன்னே போலந்துல கட்டின ட்ரெப்ளிங்கா, சோபிபோர் முகாம்களுக்குப் போனாங்க.

நிலம் பத்தல, சாப்பாடு பத்தலன்னு சோவியத் மேல பாய்ஞ்சு, அங்க கோடிக்கணக்கானவங்க பட்டினில சாகட்டும்னு திட்டம் போட்டதும் அதே ஆட்சிதான். ஆனா சொந்த நாட்டுல, அவங்க பார்வைல "சுத்த ரத்தம்"னா, 8 பிள்ளை பெத்த அம்மாவுக்குத் தங்கப் பதக்கம்! ஜனம் ஜாஸ்தின்னு நிஜமா பயந்தவன் பதக்கம் குடுப்பானா? எத்தனை பேருங்கிறது இல்ல, யாரு இருக்கணும்ங்கிறதுதான் அவங்க கணக்கு.

சாப்பாட்டை விட ஜனம் வேகமா பெருகும்னு மால்தஸ்ங்கிற இங்கிலாந்துக்காரர் 1798ல எழுதினதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு நான் சொல்லல, சண்டைக்கு வராதீங்க. முதல் உலகப் போர்ல ஜெர்மனி தோத்தது, யூத வெறுப்பு எல்லாம் இருக்கு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நான் எதிரி இல்ல, அவங்கவங்க விருப்பத்துல பண்ணா நல்லதுதான்.

இதையும் சொல்லிடறேன். தம்பி ஒரு கம்பெனில இன்டர்வியூ போனான், எல்லாம் நல்லா போச்சு, ஃபாரத்துல நோய் இருக்கான்னு கேட்ட இடத்துல உண்மையை எழுதினான், அதோட சரி, போனே எடுக்கல. மாத்திரை ஒழுங்கா போடறான், வலிப்பு வந்து ரொம்ப நாளாச்சு. அவன் வேலை செய்வானா மாட்டானான்னு பாக்கறதுக்கு முன்னாடியே அந்தக் கேள்வி எதுக்குங்க?