வாசகர் கேள்வி: மலிவு மல்டிமீட்டரை நம்பலாமா?

கேள்வி: 25 வெள்ளிக்கு மல்டிமீட்டர் வாங்கினேன். ‘கேட் 3, 600 வோல்ட்’ என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டு வயரிங்கோடு, தோட்டத்து 415 வோல்ட் பம்ப் மோட்டாரையும் இதில் சோதிக்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மோட்டார் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ‘கேட் 3’ என்பது கட்டடத்தின் நிலையான மின்வயரிங்கில் பயன்படுத்தலாம் என்ற பாதுகாப்புத் தரம். ஆனால் அச்சிடுவதற்கு மை போதும். மீட்டரின் வயர்களைக் கழற்றிவிட்டு, பின்மூடியைத் திறந்து பியூஸைப் பாருங்கள். 250 வோல்ட் கண்ணாடி பியூஸ் என்றால் அந்த 600 வெறும் எழுத்துதான். பெரிய ஷார்ட்டில் கம்பி உருகினாலும் உள்ளே தீப்பொறி அணையாது, கண்ணாடியே வெடிக்கும். மணல் நிரப்பிய பீங்கான் பியூஸ்தான் அதை அடக்கும். அதன்மேல் 600 வோல்ட்டோ அதற்கு மேலோ குறித்திருக்க வேண்டும்.

10 ஆம்பியர் துளையருகே ‘அன்பியூஸ்ட்’ (பியூஸ் இல்லை) என்றிருந்தால் இன்னும் மோசம். சிவப்பு வயரை அதில் மறந்து விட்டுவிட்டு பிளக் பாயின்டைத் தொட்டால் நேரடி ஷார்ட். டயலை வோல்ட்டில் வைத்திருந்தாலும் பயனில்லை.

பிறகு, வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பொத்தான் போன்ற வட்டப் பாகங்கள் இருக்கின்றனவா? திடீர் மின்னழுத்த உயர்வைத் தாங்குபவை அவைதான். பலகையில் இடம் மட்டும் காலியாக இருந்தால், செலவு மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

மீட்டரின் வயரையும் சோதிக்காமல் விடாதீர்கள். 200 ஓம் நிலையில் இரு முனைகளையும் சேர்த்தால் அரை ஓமுக்குள் காட்ட வேண்டும். வயரை வளைக்கும்போது எண் குதித்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. மின்சாரம் உள்ள வயரையும் செத்த வயரென்று மீட்டர் பொய் சொல்லும், நீங்கள் கைவைப்பீர்கள்.

ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரையை உற்பத்தியாளரே போட்டுக்கொள்ளலாம். யூஎல், டியூவி போன்ற வெளிச்சோதனை முத்திரையைத் தேடுங்கள். இப்போதுள்ளதை மோட்டார்சைக்கிள் பேட்டரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.