கொலுசுப் பட்டறை மென்பொருளை இலவசமாகக் கொடுத்தாயிற்று, இனி காசு எங்கிருந்து வரும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளுக்காக எழுதிய கணக்கு மென்பொருளை, யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டிருக்கிறீர்கள். நன்கொடைப் பொத்தான் வைத்து ஆறு மாதமாகியும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்கிறீர்கள். வராது. அந்தப் பொத்தானை அழுத்துகிறவர்கள் பெரும்பாலும் நிரல் எழுதுகிறவர்கள். தாங்கள் தினமும் கையாளும் நிரல் நூலகங்களுக்கு, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளுக்கு, கொடுப்பார்கள். உங்கள் பயனர் வெள்ளி வியாபாரி. கிட்ஹப் என்ற பெயரே அவர் காதில் விழுந்திருக்காது. அவரிடம் பட்டறைக்குப் போய், பில் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஜிபிஎல் போட்டால் காசு வாங்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாக விற்கலாம். ஆனால் வாங்கியவருக்கு மூலநிரலும் சேர வேண்டும். அதை அவர் பக்கத்துப் பட்டறைக்குச் சும்மா கொடுத்தாலும் நீங்கள் தடுக்க முடியாது. அதனால் நகலுக்கு விலை வைப்பது வீண், கைவேலைக்கு வையுங்கள்.

எந்தக் கைவேலை? தராசை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் தராசின் சீரியல் வயரை யுஎஸ்பி கன்வர்ட்டர் வழியாகச் செருகினால் விண்டோஸ் அதற்கு காம்3 என்று ஓர் எண் கொடுக்கும். மலிவான கன்வர்ட்டர்களுக்குத் தனி வரிசை எண் கிடையாது. யாராவது மேசையைத் துடைத்துவிட்டு வேறு துளையில் மாற்றிச் செருகினால் அதுவே காம்5 ஆகிவிடும், திரையில் எடை வராது. பாட் ரேட், அதாவது தராசு தரவு அனுப்பும் வேகம், பொருந்தாவிட்டால் எண்ணுக்குப் பதில் குப்பை எழுத்து வரும். அடுத்தது பிரிண்டர். சாதாரண தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்துரு தெரியாது. பில்லைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். 80 மி.மீ. தாளில் 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டருக்குப் பொதுவாக 576 புள்ளி அகலம். அதைத் தாண்டினால் வலது ஓரத்துத் தொகை வெட்டுப்படும்.

எல்லாவற்றையும்விட நேரம் தின்பது பழைய கணக்கு நோட்டு. 10 கிலோ கொலுசு 70 டச் (நூற்றுக்கு 70 பங்கு சுத்தம்) என்றால் 7 கிலோ சுத்த வெள்ளி, இது எளிது. சேதாரத்தை ஒரு பட்டறை தனியாக எழுதும், இன்னொன்று டச்சிலேயே ஏற்றிவிடும். வெள்ளிப் பாக்கி கிராமில், கூலிப் பாக்கி ரூபாயில். இவற்றைத் தொடக்க இருப்பாக ஏற்றி, முதலாளியை உட்காரவைத்து ஒவ்வொரு கணக்காகச் சரிபார்ப்பதற்கு ஒரு முழு நாள் போகும். அந்த நாளுக்குக் கூச்சப்படாமல் காசு கேளுங்கள்.

என் கணக்கு: நிறுவுவதற்கு 12,000, ஆண்டுப் பராமரிப்புக்கு 6,000, அதற்குள் 8 மணி நேர உதவி. 25 பட்டறை சேர்ந்தால் பராமரிப்பு மட்டும் 1.5 லட்சம், அதிகபட்சம் 200 மணி நேர வேலை. மணிக்கணக்கு எழுதாமல் ஒத்துக்கொண்டால் வாட்ஸ்அப்பிலேயே ஆயுள் போய்விடும். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

புது வசதி கேட்கிறவரிடம் தனி ரேட் பேசுங்கள். எழுதியது கிட்ஹப்பில் உள்ள பொதுக் களஞ்சியத்துக்கே போகும் என்று ஆர்டரிலேயே ஒரு வரி இருக்கட்டும், "நான் காசு கொடுத்தது அவனுக்கு எப்படிப் போச்சு?" என்ற சண்டை வராது. வேறொரு கம்பெனி உங்கள் நிரலை மூலநிரல் வெளியிடாத மூடிய மென்பொருளுக்குள் வைக்க விரும்பினால் தனி வணிக உரிமம் விற்கலாம், ஆனால் நிரல் சேர்த்த ஒவ்வொருவரின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். பகலில் ஐடி வேலை பார்ப்பவரென்றால் பணி ஒப்பந்தத்தில் உரிமை யாருக்கு என்பதை முதலில் படியுங்கள்.

நிதி நல்கை வேண்டுமென்றால் கொலுசுக் கணக்கைக் காட்டாதீர்கள். தமிழ் பில் அச்சிடும் பகுதியைத் தனி நூலகமாகப் பிரியுங்கள். ஏற்காடு ஹோட்டலும் லீ பஜார் மண்டியும் அதைப் பயன்படுத்தலாம். பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா திறமூல மென்பொருள்களுக்காக 2024-ல் தொடங்கிய ஃபிளாஸ் ஃபண்ட் ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை தருவதாக அறிவித்தது. களஞ்சியத்தில் ஃபண்டிங்.ஜேசான் (funding.json) என்ற விவரக் கோப்பு வைத்து விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே பலர் நம்பியிருக்கும் திட்டங்களையே தேடுகிறார்கள், அதனால் இந்த ஆண்டு வரவில் இதைச் சேர்க்க வேண்டாம்.

பராமரிப்புத் தாளில் இரண்டு வரி மறக்காதீர்கள்: தினசரி பேக்கப்பை வேறு டிரைவில் எடுப்பது பட்டறையின் பொறுப்பு, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதுப் பதிப்பு எதுவும் ஏற்றப்படாது.